மண்ணைப் பிடி

எங்கள் தெருவில் யாரும் அலாரம் வைத்துப் படுத்ததில்லை. விடிவதற்கு முன்னால் இயேசுவடியான் அண்ணாச்சியின் விசில் கேட்கும். அதன் பின்னாலேயே கண்மாய்க்கரையில் இளவட்டங்கள் ஓடுகிற சத்தம். அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பேன். பட்டாசுக் கம்பெனி வேன் வருவதற்குள் எனக்கும் என் வீட்டுக்காரர் முனியராஜுக்கும் தூக்குச்சட்டியில் சோறு கட்டியாக வேண்டும்.

அந்த வருஷம் ஆவணியோடு விசில் நின்றுபோனது.

அண்ணாச்சி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். எங்கள் ஊர் தாயில்பட்டிக்கு மேற்கே இருக்கிறது. கரிசல் காட்டுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு ரூம்கள்தான் தெரியும். இந்த ஊரில் பிறந்தவனுக்கு மருந்து ரூம் அல்லது பட்டாளம், வேறு போக்கிடம் இல்லை என்பது அண்ணாச்சியின் கட்சி. "கந்தகத்தைத் திங்கிறதுக்குச் சப்பாத்தியைத் தின்னுட்டுப் போங்கலே" என்பார். ஆள்சேர்ப்புக்குப் போகிற பையன்களைத் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுப்பார். காசு வாங்கமாட்டார். முடிந்ததும் எல்லோரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்க வேண்டும். "ஒங்க சாமியை நெனச்சுக்கோ, எஞ் சாமியை நான் நெனச்சுக்கிறேன்" என்பார்.

ஓட்டம், தண்டால், கயிறு ஏறுவது எல்லாம் மற்ற இடங்களிலும் சொல்லிக்கொடுப்பதுதான். அண்ணாச்சியிடம் மட்டும் இன்னொன்று உண்டு. எதிர்பாராத நேரத்தில் "ஜமீன் பகட்!" என்று கத்துவார். இந்தியில் மண்ணைப் பிடி என்று அர்த்தம். கத்தின மறுகணம் அத்தனை பேரும் குப்புற விழுந்து தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். கண்மாயில் மட்டுமல்ல. தெருவில் போகும்போது கத்துவார். டீக்கடை வாசலில் கத்துவார். சில நாள் வார்த்தையே இல்லாமல் தகரத்தைத் தட்டுவார்; திடீர்ச் சத்தம் எதுவானாலும் விழ வேண்டும். ஒருநாள் பயிற்சிக்கு வருகிற பாலகுரு டீ கிளாசோடு விழுந்து கிடந்தான்.

"ஏலே, டீ எங்கலே?" என்றார் அண்ணாச்சி.

"மண்ணைப் பிடிக்கச் சொன்னீக ஐயா. டீயைப் பிடிக்கச் சொல்லலையே" என்றான் தரையில் கிடந்தபடியே. தெருவே சிரித்தது. அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தவர்களில் அண்ணாச்சியின் ஒரே மகன் ஜெயசீலனும் உண்டு. அவனும்தான் விழுந்து கிடந்தான், சட்டையெல்லாம் புழுதியாக.

இதை ஏன் இத்தனை பாடுபட்டுச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதற்கு அண்ணாச்சியிடம் ஒரு கதை இருந்தது. கோடையில் கரண்ட் இல்லாத சாயங்காலங்களில், எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொல்வார். நீலகிரி மலையில் வெலிங்டனில் பட்டாளப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. சாத்தூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் ஆகவில்லை. உதடு வெடித்துச் சப்பாத்தியைக் கடிக்க முடியாது. இந்தி தெரியாது. என்ன சொல்கிறார்கள் என்று புரிவதற்குள் அடுத்த தண்டனை வந்துவிடும். கூடச் சேர்ந்த நம்ம பக்கத்துப் பையன் ஒருவன், குன்னூர் வரை ஓடிப்போய் ரயிலேறிவிட்டான். இவரும் பெட்டியைக் கட்டிவிட்டார்.

"அன்னைக்கு மழை. மலைச் சரிவுல உருளச் சொன்னான் உஸ்தாத்து. உஸ்தாத்துன்னா வாத்தியாரு. மலையாளத்து ஆளு, மீசையே ஒரு கிலோ இருக்கும். உருண்டு உருண்டு கீழ வந்து, மூஞ்சி சேத்துல பொதைஞ்சு கெடக்கேன். எந்திரிக்கத் தெம்பு இல்ல. வாயில மண்ணு. ஆண்டவரே, என்னையும் இந்த மண்ணாவே ஆக்கிப்போடும், யாரும் என்னைய எழுப்பக் கூடாதுன்னு சொல்லி அழுதேன். உஸ்தாத்து பூட்ஸு எங் காதுகிட்ட வந்து நின்னுச்சு. என்னலே மொனங்குதேன்னு கேட்டான். ஜெபம்னேன். சத்தமாச் சொல்லுன்னான். சேத்துக்குள்ள கெடந்துக்கிட்டே சத்தமாச் சொன்னேன், தமிழ்ல. சுத்திக் கெடந்தவனெல்லாம் நெத்தியில துன்னூறு பூசுறவன்தான். முடிச்சதும் எவனோ ஒருத்தன் ஆமென்னான் பாருங்க. எல்லாவனும் ஆமென்னுட்டான். உஸ்தாத்து ஒண்ணும் சொல்லல. இப்ப எந்திரின்னான். எந்திரிச்சிட்டேன்."

அதற்கப்புறம் பெட்டியைப் பிரித்துவிட்டாராம். பயிற்சி முடிந்து வேதத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தபோது அழாதவர், அந்தச் சேற்றை நினைத்தால் அழுதுவிடுவார். பின்னால் காஷ்மீரில் குண்டு விழுந்தபோது, யாரும் சொல்லாமலே உடம்பு மண்ணைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவன் ஓடினான். "ஓடுனவன் போயிட்டான். படுத்தவன் ஒங்க முன்னால உக்காந்து கதை சொல்லுதேன்" என்று முடிப்பார். வீட்டில் ஜெபம் பண்ணுவதும் அப்படித்தான். முழங்கால் போடமாட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் முகங்குப்புறக் கிடப்பார். அவர் மனைவி ரூத்தம்மாக்கா துணி மடித்துக்கொண்டே அவரைத் தாண்டித் தாண்டி நடப்பார்.

ஜெயசீலன் ஆள்சேர்ப்பு ஓட்டத்தில் தேறிவிட்டான். அடுத்த அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. சும்மா கிடந்தால் உடம்பு ஊதிவிடும், சீசன் முடிகிற வரைக்கும் என்னோடு கம்பெனிக்கு வரட்டும் என்று முனியராஜ்தான் சொன்னார். அண்ணாச்சிக்கு இஷ்டமில்லை. "எம் மகன் அந்த வாசலை மிதிக்கக் கூடாதுன்னுதான்லே நான் பட்டாளத்துல மிதிபட்டேன்" என்றார்.

"நான் இருக்கேன்ல அண்ணாச்சி. எங் கண்ணு முன்னாலதான இருப்பான்" என்றார் இவர்.

பட்டாசு ரூமைப் பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ரூம் சின்னது. நாலு பக்கமும் வாசல். கதவைச் சாத்தவே கூடாது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவோம். மருந்தில் உராய்வு ஏற்பட்டால் உடனே வெடிக்காது. முதலில் சீறும். அந்தச் சீற்றத்துக்கும் வெடிக்கும் நடுவே ஒரு மூச்சுதான். அந்த மூச்சுக்குள் எந்த வாசல் பக்கமோ அந்த வாசலில் ஓடிவிட வேண்டும். அதற்குத்தான் நாலு வாசல். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிவிடுவார்கள். ஜெயசீலனுக்கும் சொன்னார்கள்.

அன்றைக்குப் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைத்துக்கொண்டிருந்தோம். வெக்கை. காற்றே இல்லை. சீசன் என்பதால் ரூமில் இருக்க வேண்டியதற்கு மேல் ஆள். நான் அடைத்ததை எடுத்துப்போய்க் காயவைப்பதற்காகக் கிழக்கு வாசலில் நின்றேன். சீறிய சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடினோம். முனியராஜ் மேற்கு வாசலில் வெளியே போய்விட்டார். அதை நான் பார்த்தேன். ஜெயசீலன் ஓடவில்லை. சத்தம் கேட்ட கணத்தில் குப்புற விழுந்து தரையைப் பிடித்துக்கொண்டான். வெளியே போன இவர் திரும்பிப் பார்த்தார். "ஏலே, எந்திரிலே!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனார்.

என் இடது கை வெந்ததோடு சரி. அவர்கள் இரண்டு பேரும் வரவில்லை.

புகையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன். ஒரே நாளில் ஒரே தெருவிலிருந்து ஒருவர் சுடுகாட்டுக்கும் ஒருவன் கல்லறைத் தோட்டத்துக்கும் போனார்கள்.

அதற்குப் பிறகு காலையும் சாயங்காலமும் ரூத்தம்மாக்கா எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவருவார். என் கைக்கு மருந்து போட்டுவிடுவார். போட்டுக்கொண்டே தன் வீட்டுக் கதையைச் சொல்வார். அண்ணாச்சி கட்டிலில் படுப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்குகிறார். ஜெபமும் இல்லை, பேச்சும் இல்லை. ஆலயத்தில் அசனம் நடந்தது. சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை அது. வருஷா வருஷம் சோற்றுக் கொப்பரையைத் தூக்குகிற ஆள் இந்த வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. சோறும் சாம்பாரும் வாளியில் வீடு தேடி வந்தன. அதில் எனக்கும் ஒரு பங்கு வந்தது.

பிறகொருநாள் சபை ஐயர் வந்தார். அவர்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் என் வீட்டுப் படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஆலயத்துக்கு வரலையே நீங்க. எல்லாரும் தேடுதாக" என்றார் ஐயர்.

"கால் வலிக்கு, ஐயரே."

"கால் வலியா, மன வலியா? எல்லாம் அவரு சித்தம்னு ஏத்துக்கிட்டாத்தான்..."

"சித்தம்னு சொல்லாதீக ஐயரே." அண்ணாச்சியின் குரல் உயரவில்லை. "அவரு சித்தம்னு சொன்னா, பழியத் தூக்கி அவரு மேல போட்டுட்டு நான் நிம்மதியா உறங்கிருவேன். அவரு சும்மா இருந்தாரு. அவரை இதுல இழுக்காதீக."

"யாரு பழி?"

அண்ணாச்சி கண்மாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெங்காயம் நல்ல சாக்காக இருந்தது. அவருக்குச் சந்தேகம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரூத்தம்மாக்காவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அவருக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. ஒருநாள் மருந்து போட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"முனியராஜ் மட்டும் கூப்பிடலேன்னா எம் பிள்ளை அங்கன போயிருப்பானா செல்வி?"

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"கேக்கேன்ல. சொல்லு. கண்ணு முன்னால வச்சுக்கிருவேன்னு சொன்னாக ஒங்க வீட்டுக்காரக. வச்சுக்கிட்டாகளா?"

சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. உங்கள் பிள்ளை படுத்ததால்தான் என் வீட்டுக்காரர் திரும்பிப் போனார். படுக்கச் சொல்லிக்கொடுத்தது உங்கள் வீட்டுக்காரர். இவ்வளவுதான் சொல். நான் காப்பி கிளாசை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். சொல்லியிருந்தால் மறுநாள் காப்பி வந்திருக்காது. அந்த நாட்களில் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஆள் அந்த ஒருத்திதான். சொந்தக்காரர்கள் இருக்கன்குடிக் கோயிலுக்கு முடி எடுக்க வருவதாக நேர்ந்துகொண்டு, அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள்.

தீபாவளி எங்கள் தெருவில் வராமலே போனது. அடைத்த கம்பெனியும் திறக்கவில்லை. ஐப்பசி கடைசியில் இரண்டு நாள் தூறல். ஒரு சாயங்காலம் பாலகுருவும் அவனோடு பயிற்சிக்கு ஓடுகிற மணிகண்டராஜும் அண்ணாச்சி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நான் கிளாசைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன்.

"ஆள் எடுக்கிற தேதி சொல்லிட்டாக ஐயா. தை மாசம்" என்றான் மணிகண்டராஜ்.

"வேற ஆளைப் பாருங்கலே."

"சாத்தூர்ல ஒருத்தர் சேத்துக்கிடுதாரு. ஆனா அவரு விசிலு சரியில்ல ஐயா. ஐஸ் வண்டிக்காரன் மாதிரி ஊதுதாரு" என்றான் பாலகுரு.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. பாலகுரு காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "சரி ஐயா. அதுவரைக்கும் சும்மா இருக்கக் கூடாதுன்னு வீட்ல சொல்லுதாக. அடுத்த வாரம் கம்பெனி தொறக்கவும் ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். மருந்து ரூம்தான். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்."

அவர்கள் போன பிறகும் அண்ணாச்சி அவர்கள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆவணிக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"செல்வி, நீ அங்கன இருந்த."

"ஆமா அண்ணாச்சி."

"எம் மகன் ஓடுனானா, படுத்தானா?"

ரூத்தம்மாக்கா உள்ளிருந்து வேகமாக வந்தார். "என்ன பேச்சு இது? அம்புட்டுப் புகையில அவ என்னத்தக் கண்டா? பாவம், கை வெந்துபோயி..."

"நீ இரு. நான் அவகிட்டக் கேக்கேன்."

பாலகுரு டீ கிளாசோடு விழுந்து கிடந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் அவன் மருந்து ரூமில் உட்காருவான். அவன் உடம்பிலும் அதே விசைதான் இருக்கிறது.

"படுத்தான் அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சி தலையை ஆட்டினார். தெரிந்ததைக் கேட்டவர் மாதிரி ஆட்டினார். ரூத்தம்மாக்கா புரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முனியராஜ் அவன் பக்கத்துல கெடந்தான்னு சொன்னாக. வாசலுக்கு ஓடுறதுக்கு முந்தி அவனைத் தூக்கப் பாத்தானோ?" என்றார் அண்ணாச்சி.

"வெளிய போயிட்டாக அண்ணாச்சி. வெளிய போயி நின்னுட்டாக. திரும்பிப் பாத்துட்டு, மறுபடி உள்ள போனாக."

"என்ன சொல்லிக்கிட்டுப் போனான்?"

"ஏலே, எந்திரிலேன்னு."

ரூத்தம்மாக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கொடுத்திருந்த கிளாஸ் அவர் கையிலிருந்து உருண்டு தெருவுக்குப் போனது. யாரும் எடுக்கவில்லை. தூறல் மறுபடி விழ ஆரம்பித்தது. அண்ணாச்சி எழுந்து உள்ளே போனார். நாற்காலி நனைந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் காப்பி வராது என்று நினைத்தேன். வந்தது. ரூத்தம்மாக்கா கிளாசை வைத்துவிட்டு, நின்றுகொண்டே இருந்தார்.

"நான் அன்னைக்கு ஒங்கிட்டக் கேட்டது..."

"விடுங்கக்கா."

"இம்புட்டு நாளு வச்சுக்கிட்டே இருந்தியே. நாக்கு பொசுங்கலையா ஒனக்கு?"

"பொசுங்குச்சு."

அவர் என் கைக்கு மருந்து போட்டார். வழக்கத்தைவிட மெதுவாகப் போட்டார்.

கம்பெனி திறக்கிற நாள் வந்தது. என் கையும் தேறியிருந்தது, நானும் வேலைக்குப் போக வேண்டும். இருட்டு விலகாத நேரத்தில் விசில் கேட்டது. அடுப்பைப் பற்றவைத்த கையோடு வெளியே வந்தேன். அண்ணாச்சி என் வாசலிலேயே நின்றார். பழைய பட்டாளத்து ஸ்வெட்டர். கையில் சுண்ணாம்பு வாளி.

"ஒரு நிமிசம் கண்மாய்க்கு வா தாயி. ஒன்னால ஒரு காரியம் ஆகணும்."

கண்மாய்க்குள் ஈரம் காயாத கரிசலில், சுண்ணாம்பால் சதுரமாக ஒரு ரூம் போட்டிருந்தார். நாலு பக்கமும் வாசல் விட்டிருந்தார். பாலகுருவும் மணிகண்டராஜும் இன்னும் சில பையன்களும் கோட்டுக்கு வெளியே செருப்பை வரிசையாக விட்டுவிட்டு, உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன விளையாட்டு என்று தெரியாமல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"குண்டு விழுற சத்தம் எனக்குத் தெரியும். அந்த மொதச் சத்தம் எனக்குத் தெரியாது. எப்பிடி இருந்துச்சு?" என்று அண்ணாச்சி என்னிடம் மெல்லக் கேட்டார்.

"காஞ்ச தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி."

"அதைப் போட்டுக் காட்டு."

அண்ணாச்சி காத்துக்கொண்டு நின்றார். பல்லைக் கடித்து, நாக்கை ஒட்டி, அந்தச் சத்தத்தை நான் எழுப்பினேன். ஸ்ஸ்ஸ் என்று அது என் வாயிலிருந்து வந்தது.

அத்தனை பேரும் குப்புற விழுந்தார்கள்.

ஒருத்தன்கூட ஓடவில்லை. மண்ணைப் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சி எப்படிச் சொல்லிக்கொடுத்தாரோ அப்படியே, அழகாகக் கிடந்தார்கள். அண்ணாச்சி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போனார். ஒவ்வொருத்தன் சட்டையையும் பிடித்துத் தூக்கினார்.

"எந்திரிலே! ஓடு! வாசல் எதுக்குலே இருக்கு, ஓடு!"

"நீங்கதான ஐயா படுக்கச்..." என்று பாலகுரு ஆரம்பித்தான்.

"நான் சொன்னதுதான். பட்டாளத்துல படு. இங்கன ஓடு. ரெண்டையும் ஒடம்புக்குத் தனித்தனியாச் சொல்லி வையி. மறுபடி உக்காரு!"

மறுபடி உட்கார்ந்தார்கள். மறுபடி நான் சீறினேன். பாதிப் பேர் விழுந்தார்கள். மறுபடி. எனக்குத் தொண்டை வறண்டது. கரையில் வெளிச்சம் ஏறியது. கடைசியில் விழுகிறவன் யாரும் இல்லாமல் போனது. பாலகுரு வாசலைத் தாண்டிக் கரை வரைக்கும் ஓடினான்.

"ஏலே, கோட்டைத் தாண்டுனாப் போதும். சாத்தூருக்கா போற?" என்று மணிகண்டராஜ் கத்தினான். ஆவணிக்குப் பிறகு அந்தக் கண்மாயில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

அண்ணாச்சி விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "வெளிய வந்துட்டா நிக்கக் கூடாது. எவனும் திரும்பிப்..."

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதைச் சொல்லிக்குடுக்காதீக அண்ணாச்சி" என்றேன்.

அவர் விசிலைக் கைக்குள் மூடிக்கொண்டார். "சரி" என்றார். "போங்கலே. வேன் வந்துரும். குளிச்சிட்டுப் போங்க."

பையன்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். கண்ணை மூடிச் சாமியை நினைக்கச் சொல்ல அவர் அன்றைக்கு மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. சுண்ணாம்பு ரூமுக்கு வெளியே தன் செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் நடுவில் நின்றார். பெரிய உடம்பு, முழங்கால் வலி வேறு. ஒரு கையை ஊன்றி, மறு கையை ஊன்றி, மெதுவாக இறங்கி, முகங்குப்புறப் படுத்தார். இரண்டு கையும் ஈர மண்ணைப் பிடித்துக்கொண்டன.

ஜெபம் பண்ணினாரா, மகனிடம் பேசினாரா, எனக்குத் தெரியாது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. போகவும் முடியாமல், பக்கத்தில் போகவும் முடியாமல் கோட்டருகில் நின்றேன். மெயின் ரோட்டில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. நான் இன்னும் சோறு கட்டவில்லை.

மேற்கு வாசல் வழியாக உள்ளே போனேன். குனிந்து அவர் தோளைத் தொட்டேன்.

"அண்ணாச்சி, எந்திரிங்க."